பெயரில் மட்டும் ஒயின்

தமிழ்நாட்டில் மதுக்கடையை 'ஒயின் ஷாப்' என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளே விற்பது பெரும்பாலும் பிராந்தியும் ரம்மும்தான். ஒயினுக்கு ஆகக்கூடிய திராட்சைக்கோ பஞ்சமில்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் காய்க்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தப் பழம் மலையேறி, குமுளி வழியாக இடுக்கிக்குப் போகிறது. கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன்பே திராட்சையையும் சர்க்கரையையும் ஜாடியில் போட்டு ஒயின் ஊறவைப்பது பழைய வழக்கம். உரிமம் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம் என்று 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரித்தது. 2022இல் கேரள அரசே பழ ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு விதிகள் வகுத்தது. ஆனால் அவை கேரள விளைபொருள்களுக்கு மட்டும்தான். கம்பத்துத் திராட்சைக்கு அங்கே இடமில்லை.

பாலக்காட்டு எல்லையில் இதே கதை தென்னையில் நடக்கிறது. சித்தூர் வட்டத்தில் இறக்கும் கள், பெர்மிட்டோடு பிற மாவட்டங்களின் கள்ளுக்கடைகளுக்கு வண்டியேறுகிறது. கோபாலபுரத்தைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் கள் இறக்கினால் வழக்கு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதே மாநிலத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் வசம்.

குடிக்கு வக்காலத்து வாங்குவதல்ல என் நோக்கம். மதுவே கூடாது என்றால் அது ஒரு கொள்கை, மதிக்கலாம். ஆலைச் சரக்கை அரசே விற்றுக்கொண்டு, தோட்டத்துச் சரக்கை மட்டும் தடுப்பது என்ன கொள்கை? எல்லையோர விவசாயி கேட்பது இதைத்தான்.