ஏழடுக்கா, நான்கடுக்கா?

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில், கணினியியல் பயிலும் மாணவன் ஒருவனை நள்ளிரவில் எழுப்பி, கணினி வலையமைப்பின் அடுக்குகள் எத்தனை என்று வினவினால், உறக்கம் கலையாமலே ஏழு என்பான். ஏழின் பெயர்களையும் ஆங்கிலத்தில் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்புவிப்பான். அவன் வீட்டுச் சுவரில் மினுக்கிக்கொண்டிருக்கும் சிறு இணையப் பெட்டியோ அந்த ஏழையும் அறியாது. அதன் வழியே ஓடுவது நான்கடுக்கு முறை. கற்பது ஒன்றும் நடப்பது மற்றொன்றுமாகிய இம்முரண் எங்ஙனம் நேர்ந்தது என்பதும், அதனிடையே தமிழ் எழுத்து பட்ட பாடு யாது என்பதும் தமிழ்நலம் கருதுவோர் அறிந்திருக்க வேண்டுவன.

அடுக்கு என்னும் சொல்லுக்காக எவரும் அகரமுதலியைப் புரட்ட வேண்டுவதில்லை. அடுக்குமல்லியும் அடுக்குப்பானையும் அறிந்தவர்க்கு அது வீட்டுச் சொல். அதன் பொருளும் எளிதே. காட்டுப்பாக்கத்தினின்று யாழ்ப்பாணத்திற்கு ஒரு மடல் செல்கின்றது என்க. எழுதினவர்க்கு அது வண்டியிற் செல்கின்றதா வானூர்தியிற் செல்கின்றதா என்னும் கவலை இல்லை. வண்டியோட்டிக்கோ, உறைக்குள் வாழ்த்து இருக்கின்றதா வசை இருக்கின்றதா என்னும் கவலை இல்லை. அவரவர் தத்தம் வேலையை முடித்து அடுத்தவரிடம் கைமாற்றுகின்றனர். செம்புக் கம்பி போய் ஒளியிழை வந்தாலும், மேலே மடல் எழுதுவோன் எதனையும் மாற்ற வேண்டுவதில்லை. இவ்வளவில் இரு முறைகளும் ஒன்றே. இடையில் எத்தனை கைகள் வேண்டும் என்பதில்தான் வழக்கு.

ஏழு என்றவர்கள் பன்னாட்டுத் தர நிறுவனத்தார். 1977இல் பணி தொடங்கி, 1984இல் ஓ.எசு.ஐ. என்னும் முன்மாதிரியை முறையாக வெளியிட்டனர். கம்பியும் மின்குறியும் முதலடுக்கு, அடுத்தடுத்த இரு பொறிகளை இணைப்பது இரண்டாவது, வழி காண்பது மூன்றாவது, முனைக்கு முனை கொண்டு சேர்ப்பது நான்காவது, உரையாடலைத் தொடங்கி முடிப்பது ஐந்தாவது, செய்திக்கு எழுத்துருவம் தருவது ஆறாவது, பயன்பாடு ஏழாவது. நான்கு என்றவர்கள் அமெரிக்கப் படைத்துறையின் பொருளுதவியில் வளர்ந்தவர்கள். வின்டன் செர்பும் இராபர்ட்டு கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையே அவர்களின் வித்து. பின்னர் டி.சி.பி./ஐ.பி. எனப் பெயர் பெற்ற அந்நெறி, 1983 சனவரி முதல் நாள் அர்ப்பாநெட்டு வலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அஃதாவது, ஏழடுக்கின் நூல் அச்சேறுமுன்னரே நான்கடுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏழடுக்கின் ஆவணங்களை அந்நாளில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நான்கடுக்கின் ஆவணங்களோ கேட்டார்க்கெல்லாம் விலையின்றிக் கிடைத்தன. வென்றதன் கரணியத்தை வேறெங்கும் தேட வேண்டா. அமெரிக்க அரசே 1990இல் தன் கொள்முதலுக்கு ஏழடுக்கைக் கட்டாயமாக்கிப் பார்த்து, 1995இல் கைவிட்டது.

இவ்வழக்கு காட்டுப்பாக்கத்திற்குப் பத்துக் கல் தொலைவுக்குள்ளேயே நடந்தது என்பதைப் பலர் அறியார். 1986இல் நடுவணரசின் மின்னணுத் துறை, ஒன்றிய நாடுகள் அவையின் வளர்ச்சித் திட்ட உதவியோடு எர்னெட்டு என்னும் கல்வி ஆய்வு வலையைத் தொடங்கிற்று. அதிற் சேர்ந்த எண்மருள் ஒன்று கிண்டியை அடுத்த சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். எது வெல்லும் என்று தெரியாமையால், அவ்வலையின் முதுகெலும்பில் இரு முறைகளையும் ஒருங்கே ஓட்டினர். 1995 முதல் ஏறத்தாழ எல்லாப் போக்குவரத்தும் நான்கடுக்கின் வழியதாயிற்று. அவ்வாண்டு ஆகத்து 15இல்தான் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். ஏழடுக்கின் ஆறாம் அடுக்கு எழுத்துக்கென்றே ஒதுக்கிய இடம். நான்கடுக்கில் அவ்விடமே இல்லை. எழுத்தை எப்படி எண்ணாக்குவது என்பதைப் பயன்பாடே பார்த்துக்கொள்க என்று விட்டுவிட்டனர். ஆங்கிலேயனுக்கு இது குறையன்று. அவன் எழுத்துகள் 128 இடங்கொண்ட அமெரிக்கக் குறியீட்டில் முன்னரே குடியேறிவிட்டன. 1982இன் மின்னஞ்சல் நெறி அதனையன்றி வேறெதையும் ஏற்கவில்லை. பிறமொழி எழுத்துகளுக்கு 1992இல்தான் ஒட்டுப் போட்டனர். கேட்பாரற்ற அவ்விடத்தில் தமிழ் எழுத்துரு விற்றவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பிற்கு எண் கொடுத்தனர். ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் திரையில் பொருளற்ற கிறுக்கலாயிற்று. மடல் பழுதின்றி வந்து சேர்ந்தது. மொழி வந்து சேரவில்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுக் குறியீடும் விசைப்பலகையும் வகுக்கும்வரை இவ்விழிவு பேரளவில் நீடித்தது.

எனவே ஏழடுக்கு வென்றிருந்தால் தமிழ் உய்ந்திருக்கும் என்று முடிவு கட்டுவாரும் உளர். அது பொருந்தாது. வீட்டில் அறை ஒதுக்கினால் மட்டும் ஆள் வந்துவிடமாட்டான். ஆறாம் அடுக்கில் வைப்பதற்குத் தமிழர் ஒப்பிய ஒரே குறியீடு அந்நாளில் இல்லை. தேவநாகரியை மனத்திற்கொண்டு நடுவணரசு வகுத்த 1988ஆம் ஆண்டுக் குறியீட்டையே 1991இல் ஒருங்குறியார் தமிழுக்கும் அச்சாகக் கொண்டனர். விளைவு யாது? வணக்கம் என்னும் சொல்லில் தமிழிலக்கணப்படி எழுத்து ஐந்து. ஒருங்குறிப்படி ஏழு, ககர மெய்யும் மகர மெய்யும் தனியெழுத்தல்ல, உயிர்மெய்யின்மேல் புள்ளி ஒட்டியவை என்பது அதன் கணக்கு. மெய்யை முதலாகக் கொண்டு அதன்மேல் உயிர் ஏறும் என்ற தொல்காப்பிய நெறி அங்குத் தலைகீழாயிற்று. வலையில் இன்று பெரிதும் வழங்கும் முறையில் அவ்வேழும் 21 பைட்டுகளாய் ஓடுகின்றன. ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனியிடம் தரும் பதினாறு துகள் குறியீட்டை 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. அதில் ஐந்தெழுத்தும் பத்தே பைட்டு. ஆயினும் உலகக் கருவிகளில் ஓடுவது ஒருங்குறியே. ஏழடுக்காரை நான்கடுக்கார் வென்ற அதே வகையில் இதுவும் வென்றது: முன்னரே ஓடிக்கொண்டிருந்தது.

ஏழடுக்கு முற்றும் இறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் குடும்பத்திற் பிறந்த வழிகாண் நெறியொன்று பெரிய தொலைத்தொடர்பு வலைகளுக்குள் இன்றும் உழைக்கின்றது. வங்கித் தளங்களைத் திறக்கும்போது பூட்டுக்குறிக்குப் பின்னால் நிற்கும் சான்றிதழும் அவ்வழி வந்ததே. பழுது எங்கே என்று தேடும் பொறியாளர்க்கு ஏழின் கணக்கே கைவிளக்கு. ஆகலின் மாணவன் அதைக் கற்பது வீணன்று. ஏழையும் ஆங்கிலத்தில் உருப்போடுவதே வீண். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது கணினியியல் அவ்வரிசையில் இல்லை.

2010, 2011ஆம் ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் பெயர்கள் தமிழெழுத்திலேயே இணைய முகவரியின் ஈறுகளாயின. திரையில் தமிழாய்த் தட்டிய அப்பெயர் கம்பியில் இறங்குமுன் இலத்தீன எழுத்தும் எண்ணும் கலந்த கோவையாக மாற்றுடை பூணுகின்றது. முகவரி காக்கும் பொறிகள் காண்பது அவ்வுடையை மட்டுமே. தமிழாய்க் காண்பவர் திரையின் முன் அமர்ந்திருப்பவரே.