கைக்கடங்கும் சிசுக்கள்

ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த சிசு ஒன்று ஆஸ்பத்திரியில் மாண்டால், 'அற்பாயுசு' என்று சொல்லி நாம் மனத்தைத் தேற்றிக் கொள்கிறோம். தலையெழுத்தின்மீது பழியைச் சுமத்துவது எளிது. ஆயினும் அது உண்மையன்று.

இச்சிசுக்கள் மாளும் காரணங்களை வைத்தியர்கள் நன்கறிவர். முதலாவது மூச்சுத் திணறல். சுவாசப்பை சுருங்கி ஒட்டிக் கொள்ளாமல் காக்கும் ஒருவகை நீர், குறைமாதத்தில் போதிய அளவு ஊறுவதில்லை. 1963-ம் வருஷம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன், இரண்டு கிலோவுக்கு மேல் எடையிருந்தும், பிறந்து இரண்டு நாள் நிறையுமுன் இந்நோய்க்கே இரையானான். இன்றோ அந்நீரையே மருந்தாகச் செலுத்துகிறார்கள். பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஊசி போட்டுச் சிசுவின் சுவாசப்பையைப் பக்குவப்படுத்துகிறார்கள்.

அடுத்தது, இரத்தத்தில் கிருமி பரவுதல். நம் தேசத்தில் இது பெரிய யமன். கழுவாத கையே பல சமயங்களில் அவன் வாகனம். இவையன்றி, உடல் சில்லிடுதல், குடல் அழுகல், மூளையில் இரத்தக் கசிவு ஆகியனவும் உண்டு.

சிலவற்றுக்கு யந்திரம் வேண்டும். சிலவற்றுக்குத் தாயே மருந்து. சிசுவின் நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்தவுடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தால் மரணம் நாலில் ஒரு பங்கு குறைகிறது என்பதை, டில்லி ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகள் நான்கும் பங்குகொண்ட ஆராய்ச்சி 2021-ல் காட்டிற்று.

குடல் அழுகலைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடான உணவில்லை. பெற்றவளுக்குப் பால் சுரக்கத் தாமதமானால் என் செய்வது? 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த நம் புதுவை ஜிப்மர், 2016-ல் 'அமுதம் தாய்ப்பால் மைய'த்தைத் திறந்தது. இத்தகைய மையங்களில், நோயற்றவர் எனப் பரிசோதித்தறிந்த தாய்மாரின் பாலை 62.5 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்துச் சுத்தி செய்து, எளிய சிசுக்களுக்குப் புகட்டுகிறார்கள்.

"பாலைக் கொடுத்துவிட்டால் நம் குழந்தைக்கு என்ன மிஞ்சும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. இறைக்கிற கிணறுதான் ஊறும், தாய்ப்பாலும் அவ்வாறே. ஆகவே பெரியோர்க்கு நம் வேண்டுகோள் இதுவே: குறைமாதச் சிசுவைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், கைகழுவாது தொடாதீர்கள், பால் மிகுந்த மருமகளைத் தடுக்காதீர்கள். விதியென்று நாம் கைவிட்ட உயிர்களிற் பல, நம் வீட்டுத் திண்ணையில் தவழ வேண்டியவை அன்றோ?