ஷேர் ஆட்டோவை விரட்டினால் பேருந்து வந்துவிடுமா?

ஷேர் ஆட்டோக்களை ஒழித்தால்தான் சென்னை நகரின் போக்குவரத்து சீர்படும் என்று ஒரு சாரார் பேசுகிறார்கள். அரசுப் பேருந்துக் கழகத்தை மூட்டை கட்டிவிட்டு எல்லாத் தடங்களையும் தனியாரிடம் கொடுத்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று இன்னொரு சாரார் பேசுகிறார்கள். இருவருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. காலை எட்டு மணிக்குத் திருவொற்றியூரிலோ மேடவாக்கத்திலோ பேருந்துக்குக் காத்து நிற்கும் வழக்கம் இரு சாராருக்கும் கிடையாது!

நாம் நிற்கிறவர்கள். ஆகவே நம் பேச்சையும் கொஞ்சம் கேட்கட்டும்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசில்லாமல் போகலாம். அது எவ்வளவு பெரிய உதவி என்பதை மாதக் கடைசியில் அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்க்கிறவர்கள் அறிவார்கள். சரி, காசில்லாமல் ஏற்றிச் செல்ல ஒரு வண்டி இருக்கும்போது, அதே சாலையில் இருபது ரூபாயைக் கொடுத்து, இடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நம் தாய்மார்கள் ஏன் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள்? பணம் மிஞ்சிப் போயிற்றா? சொகுசு தேடியா? ஒன்றுமில்லை. வண்டி வரவில்லை! பத்து நிமிடம் பிந்தினால் கம்பெனி வாசலில் அரை நாள் கூலி போய்விடும். அரை நாள் கூலியைக் காப்பாற்ற இருபது ரூபாயை விடுகிறார்கள். ஷேர் ஆட்டோ பிறந்த கதை முழுவதும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

கணக்கைக் கொஞ்சம் பெரிதாக்குவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த நகரத் தொகுதியில் 86 லட்சம் பேருக்கு மேல். இன்று இன்னும் அதிகம். நகரப் பேருந்துச் சேவைக்கு மத்திய அரசு வகுத்த அளவுகோலில் முதல் தரம் என்றால் லட்சம் பேருக்கு 60 பேருந்து. அந்தப் பழைய மக்கள்தொகைக்கே 5,000 பேருந்துகளுக்கு மேல் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். இந்தப் பள்ளத்தை யார் நிரப்புகிறான்? கடன் வாங்கி வண்டி எடுத்த ஓர் உழைப்பாளி நிரப்புகிறான்.

அவனைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பயணிகள் வண்டிக்கு இரண்டு வகைப் பெர்மிட் வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம் வாங்கி, வழியில் ஏற்றி இறக்கிச் செல்வது பேருந்துக்குரியது. வண்டி முழுவதையும் ஒருவர் வாடகைக்குப் பேசிக்கொண்டு, இடையில் வேறு ஆள் ஏறாமல் போவது ஆட்டோவுக்கும் டாக்ஸிக்கும் உரியது. ஷேர் ஆட்டோக்காரன் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. அவன் செய்யும் தொழிலோ முதலாவது. பெர்மிட் நிபந்தனையை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 10,000 ரூபாய். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் பட்டப்பகலில், நாற்சந்தியில், எல்லோரும் பார்க்க வண்டி ஓடுகிறதே, எப்படி? மாமூல் என்ற சொல் நம் பேச்சில் சும்மா நுழைந்துவிடவில்லை!

மாமூலைவிடக் கொடியது ஒன்று உண்டு. விபத்து நடக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. பெர்மிட் இடம் தராத காரியத்துக்கு வண்டி ஓடியது என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. பல வழக்குகளில் கோர்ட்டு, பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு, பிறகு வண்டிச் சொந்தக்காரனிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்புச் சொல்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொந்தக்காரன் யார்? தவணை பாக்கியோடு திண்டாடும் அதே டிரைவர்தான் பல சமயம். ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டியவன், கடைசியில் இருக்கிற குடிசையையும் விற்றுக் கட்டவேண்டும். காலொடிந்த பயணியோ கோர்ட்டு வாசலில் கட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கவேண்டும். இரண்டு ஏழைகளை மோதவிட்டுக் கம்பெனி ஒதுங்கிக்கொள்கிறது.

அதற்காக ஷேர் ஆட்டோத் தோழர்கள் செய்வதெல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. டிரைவர் சீட்டின் இருபக்கமும் ஆளைத் தொங்கவிடுவது என்ன நியாயம்? பேருந்து நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு நிற்பது என்ன நியாயம்? நிறுத்தத்தில் ஆட்டோ, நடுச்சாலையில் பேருந்து, இரண்டுக்கும் நடுவே கைக்குழந்தையோடு ஒரு தாய். நிறுத்தத்தில் நிற்காமல் ஐம்பது கஜம் தள்ளிப்போய் நிற்கும் அரசுப் பேருந்துத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனித் தனியார்மயத்துக்குத் தாளம் போடுகிறவர்களிடம் வருவோம். அரசுப் பேருந்து நட்டத்தில் ஓடுகிறதாம்! சென்னையில் 1895 முதல் டிராம் ஓடியது. ஓட்டியது தனியார் கம்பெனி. நட்டம் என்று சொல்லி 1953 ஏப்ரலில் கம்பெனி கடையைக் கட்டியது. தண்டவாளம் தனியே கிடந்தது, தொழிலாளி தெருவில் நின்றான். லாபம் இருக்கும்வரை சேவை, லாபம் போனால் சலாம். இதுதான் அவர்கள் தர்மம். 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தபிறகு, கூட்டமில்லாத குக்கிராமத்துக்கும் விடியற்காலைப் பேருந்து போயிற்று. அதில் நட்டம் வரத்தான் செய்யும். தெருவிளக்கு எரிவதில் எவ்வளவு லாபம் என்று எவரும் கேட்பதில்லையே!

2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. புகையில்லை, இரைச்சலில்லை, வரவேற்கிறோம். ஆனால் வண்டி தனியார் கம்பெனியுடையது, டிரைவர் கம்பெனி ஆள், கண்டக்டர் மட்டும் அரசுக் கழகத்து ஆள். ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் கம்பெனிக்குப் பணம் கொடுக்கிறது. ஒரே வண்டியில் முன்னால் ஒரு முதலாளி, பின்னால் ஒரு முதலாளி! டிரைவரும் கண்டக்டரும் ஒரே பணிமனையில், ஒரே சம்பள விகிதத்தில், ஒரே சங்கத்தில் இருக்கவேண்டியவர்கள் என்பது நம் கருத்து. இந்த ஏற்பாடு பழக்கமாகிவிடுமுன் எதிர்த்தாக வேண்டும்.

நாம் கேட்பது இவ்வளவுதான். பெருஞ்சாலைகளில் அரசுப் பேருந்தை அதிகப்படுத்துங்கள். பேருந்து நுழைய முடியாத தெருக்களிலிருந்து ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஆள் கொண்டுவரும் வேலையை ஷேர் ஆட்டோவுக்குச் சட்டப்படி கொடுங்கள்; தடம், கட்டணம், இருக்கை எண்ணிக்கை மூன்றும் வண்டியில் எழுதியிருக்கட்டும். பெர்மிட் ஓட்டுகிறவனுக்கே, ஆளுக்கு ஒன்றே. ஐம்பது வண்டி வைத்து நாள்வாடகை பிடுங்கும் பண்ணையார்களுக்கு ஒன்றுகூட வேண்டாம். 2025-இல் மினி பஸ்ஸுக்குப் புதுத் திட்டம் வகுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்த அரசுக்கு இது முடியாத காரியமா?

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த வாரம் ஆறு நாளும், காலை ஏழு முதல் ஒன்பது வரை, உங்கள் பகுதி நிறுத்தத்தில் ஒருவர் நில்லுங்கள். எந்த எண் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேரை ஏற்றாமல் போயிற்று, எத்தனை பேர் ஆட்டோவில் ஏறினார்கள் என்று நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டின் ஒரு பிரதி பணிமனை மேலாளருக்கு, ஒன்று சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒன்று ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்களுக்கு.