அந்த ஓர் உதை: திறமையா, அதிர்ஷ்டமா?

சூலியா தெருவில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து காற்பந்துப் பேச்சை எடுத்துப் பாருங்கள். பினாங்குக்காரர்கள் பெருமையோடு சொல்ல ஒரு கோல் உண்டு. 2016 பிப்ரவரி 16ஆம் தேதி, அங்கிருந்து அதிக தூரமில்லாத பினாங்கு மாநகர் விளையாட்டரங்கில், பகாங் அணிக்கு எதிராக முகமட் பாயிஸ் சுப்ரி அடித்த ஃபிரீ கிக் கோல்தான் அது.

30 மீட்டருக்கும் அப்பாலிருந்து உதைத்த பந்து முதலில் ஒரு பக்கம் போனது. நடுவழியில் மறுபக்கம் திரும்பி வலைக்குள் புகுந்தது. அக்கோலுக்காக 2017 ஜனவரியில் சூரிக் நகரில் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது அவருக்குக் கிடைத்தது. இறுதிச் சுற்று வாக்குகளில் சுமார் 59 விழுக்காடு அவருக்கே. அவ்விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்.

"வெறும் அதிர்ஷ்டம்" என்றனர் சிலர். அது சரியா?

அறிவியல் தரும் பதில் சுவையானது. நன்கு சுழலும் பந்து ஒரே பக்கமாகச் சீராக வளையும். சுழற்சி மிகக் குறைந்த பந்து அப்படியல்ல. அதைச் சுற்றிய காற்றோட்டம் இரு பக்கமும் சமமாகப் பிரியாது. அந்த ஏற்றத்தாழ்வும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பந்து அலைபாயும். இதை 'நக்கிள் பால்' என்பார்கள். பந்தைச் சுழலாமல் உதைப்பது பயிற்சியால் வருவது. அது எந்த நொடியில் எப்பக்கம் திரும்பும் என்பது உதைத்தவரின் கையில் இல்லை.

கோல்ஃபிலும் இதே கதைதான். சாதாரண ஆட்டக்காரர் ஒரே அடியில் பந்தைக் குழியில் இடும் வாய்ப்பு 12,500இல் ஒன்று எனப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். தனி ஒருவருக்கு அது அபூர்வம். ஆனால், உலகெங்கும் நாள்தோறும் அடிக்கப்படும் அடிகளில் எவருக்கேனும் அது வாய்த்துக்கொண்டேதான் இருக்கும். குழிக்கு அருகே அடிக்கத் தெரிந்தவருக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது, உறுதியாவதில்லை.

மாணவர்களே, இது விளையாட்டோடு முடிவதில்லை. எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவரும்போது நம் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கும். "எல்லாம் அதிர்ஷ்டம்" என்பது ஒன்று. அது உழைத்தவரின் உழைப்பை அழிக்கிறது. "உழைத்தால் நிச்சயம் கிடைக்கும்" என்பது மற்றொன்று; அது நன்றாகப் படித்தும் விரும்பிய இடம் கிடைக்காத மாணவரைச் சோம்பேறி ஆக்கிவிடுகிறது. இரண்டாவது குரல் நல்லெண்ணத்தில் எழுவதுதான். ஆனாலும் அதன் காயம் ஆழமானது.

பாயிஸ் அன்று உதைத்தபோது அவருக்கு வயது 28. அவ்வளவு தொலைவிலிருந்து கோலை நோக்கி உதைக்கும் துணிவும் காலின் பழக்கமும் அவருடையவை. கடைசித் திருப்பம் காற்றுடையது. நம் வெற்றியையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் தலைக்கனம் வராது. தோல்வியைப் பிரித்துப் பார்த்தால் மனம் உடையாது. பந்து திரும்பாமல் போன பல ஃபிரீ கிக்குகளை யாரும் படமெடுத்துப் பகிர்வதில்லை. அவற்றை உதைத்தவர்களும் ஆட்டக்காரர்களே.