பிக்கப் வண்டியில் டிராக்டர் டிரெய்லரை மாட்டலாமா?

கேள்வி: ‘‘கொட்டிவாக்கத்தில் குடியிருக்கிறோம். திருப்போரூர் பக்கம் இரண்டு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. பாலவாக்கத்தில் மாடு வைத்திருக்கும் சொந்தக்காரர் எரு தருகிறார். பிக்கப் வண்டி சொந்தமாக உண்டு. அதன் பின்னால் கொக்கி வைத்து, இரண்டு சக்கர டிராக்டர் டிரெய்லரை மாட்டினால், ஏழெட்டு நடையை மூன்று நடையில் முடிக்கலாம் என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். செய்யலாமா? இந்த வண்டிக்குக் கார் லைசென்ஸ் போதுமா?’’

- ஒரு வாசகர், கொட்டிவாக்கம்.

பதில்: டிரெய்லரை மாட்ட வேண்டாம். வண்டி இழுக்காது என்பதல்ல காரணம். இன்றைய டீசல் பிக்கப் அந்த டிரெய்லரை இழுத்துவிடும். பட்டறைக்காரர் அதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். சிக்கல், நிறுத்தும்போதுதான் வரும்.

கணக்கைப் பாருங்கள். வெறும் பிக்கப் ஏறத்தாழ 1,700 கிலோ. வெறும் டிரெய்லரே ஒரு டன்னுக்குக் குறையாது. அதில் மூன்று டன் எரு ஏற்றினால் மொத்தம் 5,700 கிலோ. பிக்கப்பின் பிரேக்கோ, ரகத்தைப் பொறுத்து மூன்று, மூன்றரை டன் வரை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. நம் ஊர் டிராக்டர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. ஆக, முன்னால் பிரேக்கை மிதித்தால் பின்னால் நான்கு டன் முதுகில் வந்து மோதும். வண்டி லேசாகத் திரும்பியிருந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளி, இரண்டும் கத்தரிக்கோல் போல மடங்கிவிடும்.

‘டிராக்டர் இழுக்கிறதே?’ என்று தோன்றும். டிராக்டர் மெதுவாகப் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய விசை ஆற்றல் நான்கு மடங்காகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் சமாளிக்கிற சுமை, 40-ல் கையை மீறும். டிராக்டரின் இழுவைக் கொக்கி பின் அச்சுக்குத் தாழ்வாக இருக்கிறது. டிரெய்லரின் பாரம் பெரிய பின் சக்கரங்களை மண்ணில் அழுத்திப் பிடிப்பைக் கூட்டும். பிக்கப்பில் கொக்கி பின் அச்சைத் தாண்டி வெளியே நிற்கும். அங்கே பாரம் இறங்கினால் நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டீயரிங் லேசாகிவிடும். அதைத் தவிர்க்கப் பின்பக்கமாக எருவைக் குவித்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். இது இன்னும் ஆபத்து.

வெளிநாடுகளில் பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கும் படங்களை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அங்கே அதற்கென்று கட்டுப்பாடு இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. அதற்கு மேல் போனால் டிரெய்லருக்கே பிரேக் வேண்டும். ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு இழுக்கலாம் என்று கம்பெனியே எழுதித் தருகிறது. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் அப்படி ஓர் எண் இல்லையென்றால், இழுப்பதற்கு அந்த வண்டி செய்யப்படவில்லை என்று அர்த்தம். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் வளையம், சேற்றில் மாட்டினால் மெதுவாக வெளியே இழுப்பதற்கானது. (அப்படி இழுக்கும்போதும் கயிற்றின் அருகே யாரையும் நிற்கவிடாதீர்கள். அறுந்த கயிறு ஆளையே அடித்துப் போடும்.)

கிழக்குக் கடற்கரைச் சாலை மேடு பள்ளம் இல்லாத சாலை என்பதால் தைரியம் வருவது இயல்பு. ஆனால், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று வழிநெடுக சிக்னலும், குறுக்கே வரும் இருசக்கர வாகனங்களும் உண்டு. திடீர் பிரேக் போடாமல் கோவளம் போய்ச் சேர முடியாது.

சட்டமும் இடம் தராது. கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். அளவுக்கு மீறிய பாரத்துக்கு 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். யாருக்காவது அடிபட்டு, ‘அனுமதியில்லாத கொக்கி’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால், நஷ்டஈட்டுக்கு அந்த இரண்டு ஏக்கரைத்தான் விற்க வேண்டியிருக்கும்.

சரி, எருவை எப்படிக் கொண்டுபோவது? பிக்கப்பின் தொட்டியிலேயே ஏற்றுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையும் வெறும் வண்டி எடையும் இருக்கும். கழித்தால் வருவதுதான் உங்கள் சுமை. அதில் ஓட்டுநர், கூட வரும் ஆட்கள் எடையும் அடக்கம். ஈர எருவைக் கண்ணால் மதிப்பிடாமல் முதல் நடையை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். பாரத்தைப் பின் அச்சுக்கு முன்னால் தள்ளி வைத்து, தார்ப்பாய் கட்டுங்கள்.

பச்சைச் சாணத்தை மட்டும் ஏற்றாதீர்கள். ஆயிரம் கிலோவில் 800 கிலோ தண்ணீர்தான். நிழலில் குவித்து மக்கவிட்டு, ஈரம் மொத்த எடையில் பாதியாகக் குறைந்தால் அதே குவியல் 400 கிலோவுக்கு வந்துவிடும். டீசல் போட்டுத் தண்ணீரைச் சுமப்பானேன்?

நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இரண்டு ஏக்கருக்கு 10 டன். அதனால்தான் ஏழெட்டு நடை. தொழுவுரத்துக்குப் பதிலாக ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை போட்டாலும் போதும் என்று அதே பரிந்துரை சொல்கிறது. ஒரு ஏக்கரில் 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் அந்த ஏக்கருக்கு எரு ஏற்ற வேண்டியதே இல்லை. நடை பாதியாகிவிடும். அடுத்த போகத்தில் ஏக்கரை மாற்றிக்கொள்ளலாம்.

லைசென்ஸ் விஷயம்: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை, எல்.எம்.வி. உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பிக்கப்புக்கு அது போதும். தேதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.