டெபாசிட்டை உடைக்க ஒரு கையெழுத்து! - ஏற்காடு பட்டாம்பூச்சிகளின் பயண ரகசியம்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஏற்காடு மலைப்பாதையில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். கறுப்பில் நீலத் தீற்றல் போட்ட பட்டாம்பூச்சிகள் கும்பல் கும்பலாக வண்டிக்குக் குறுக்கே போகும்.

புளூ டைகர், டார்க் புளூ டைகர், காமன் குரோ... சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிளம்பும் கூட்டம் இது. (புளூ டைகரின் அறிவியல் பேரினப் பெயர் 'திருமலா'. நம்மூர்ப் பெயரேதான்!) சேலத்திலிருந்து கோவைக்குச் சாலை வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார்ந்து போனாலே நமக்கு இடுப்பு வலிக்கிறது. ஒரு கிராம்கூட எடையில்லாத பூச்சி, எதை எரித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகிறது?

கிளம்பும்போது கைகொடுப்பது பூந்தேனின் சர்க்கரை. அது சட்டைப்பைச் சில்லறை மாதிரி, சீக்கிரம் தீர்ந்துவிடும். நெடுந்தூரத்துக்கு, வயிற்றுப் பகுதியில் சேர்த்துவைத்த கொழுப்புதான் ஃபிக்ஸட் டெபாசிட். கிராமுக்குக் கிராம் பார்த்தால் சர்க்கரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி. ஆனால், டெபாசிட்டை உடைக்கக் கையெழுத்து வேண்டுமே?

அதைப் போடுவது 'அடிப்போகைனெடிக் ஹார்மோன்', சுருக்கமாக ஏ.கே.ஹெச். மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் குட்டிச் சுரப்பி, பறக்கத் தொடங்கியதும் இதை ரத்தத்தில் விடுகிறது. கொழுப்பு கரைந்து, ஒரு புரதத்தின் முதுகிலேறி இறக்கைத் தசைகளுக்குப் போய்ச் சேர்கிறது. நம் உடம்பில் குளுக்கோகான் செய்கிற வேலைக்கு நெருக்கமானது இது.

1976-ல் வெட்டுக்கிளியிலிருந்து எடுத்து இதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். வெட்டுக்கிளிக்கு 10 அமினோ அமிலங்கள். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனங்கள் பலவற்றுக்கு 9. நம் இன்சுலினில் இருப்பது 51. அதோடு ஒப்பிட்டால் இது சுண்டைக்காய். இந்தச் சுண்டைக்காயின் செய்முறை முழுக்க ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. பழ ஈக்களில் அந்த மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள். ஈக்கள் குண்டாகிவிட்டன. கொழுப்பு இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை!

ஏற்காட்டில் பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறானதற்கு. கையெழுத்து தயாராக இருக்கும்; டெபாசிட்தான் குறைந்துபோகும். கொழுப்பில் ஒரு பங்கு புழுப் பருவத்திலேயே சேர்கிறது. புளூ டைகரின் புழு தின்பது கொடிப்பாலை போன்ற கொடிகளை. வளர்ந்த பிறகு வழியெல்லாம் பூந்தேன் வேண்டும். நாம் 'களை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் சாலையோரப் புதருக்குள் இரண்டும் இருக்கலாம்.

தோட்டத்து வேலியையும் ரோட்டோரத்தையும் மழிக்கிற வேலையை டிசம்பருக்குத் தள்ளிப்போட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அதற்குள் இந்தக் கூட்டம் மேற்குமலைப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.