போஸ்டர் இருக்கிறது, படம் எங்கே?

போஸ்டர் சேகரிக்கும் எங்கள் கூட்டத்தில் ‘பசிஃபிக் வைப்ரேஷன்ஸ்’ என்று ஒருவர் சொன்னால் போதும், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிடுவோம். அந்தப் படத்தின் போஸ்டரை வரைந்தவர் ரிக் கிரிஃபின். 1969இல் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ‘ஆக்ஸோமாக்ஸோவா’ இசைத்தட்டுக்கு உறை வரைந்த அதே ஆள். மூலப்பதிப்பா மறுபதிப்பா, மடித்து வைத்ததா சுருட்டி வைத்ததா, மூலையில் குண்டூசித் துளை உண்டா என்று மணிக்கணக்கில் அலசுவோம். படத்தில் என்ன வருகிறது என்று யாராவது கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். பார்த்தவர்கள் எங்களில் மிகக் குறைவு. அதை ஒரு குறையாகவும் நாங்கள் நினைத்ததில்லை.

1970இல் வந்த அந்த அலைச்சறுக்குப் படத்தை எடுத்தவர் கலிஃபோர்னியாக்காரர் ஜான் செவர்சன். சறுக்குவதைக் காட்டியதோடு நிற்காமல், கடல் பாழாகிறதே என்ற பதைப்பையும் உள்ளே வைத்தார். அவர் தொடங்கிய ‘சர்ஃபர்’ இதழ்கூட, 1960இல் ‘சர்ஃப் ஃபீவர்’ என்ற தன் படத்தோடு விற்க அச்சடித்த சிறுபுத்தகமாகப் பிறந்ததுதான். அவருக்குக் காகிதம் படத்தைத் தேடி வரச் சொல்லும் அழைப்பு. நாங்கள் அழைப்பை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

அக்காலத்து சர்ஃபிங் படங்கள் பலவற்றுக்கு விநியோகஸ்தரே கிடையாது. எடுத்தவரே 16 மி.மீ. பிரிண்டைத் தூக்கிக்கொண்டு கடற்கரை ஊர்களில் பள்ளி அரங்கை வாடகைக்குப் பிடித்து ஓட்டுவார்; பக்கத்தில் நின்று வர்ணனையும் சொல்வார். பிரிண்டுகள் கொஞ்சம்தான். சூட்டிலும் ஈரத்திலும் அசிட்டேட் ஃபிலிம் கெட்டு வினிகர் நாற்றமடிக்கும்; சில வகை வண்ணப் பிரிண்டுகளில் நீலம் வெளிறி, கடலே சிவந்துபோகும். போஸ்டருக்கு அமிலமில்லாத அட்டையும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் தேடி அலைந்தவர்கள், ரீல்பெட்டி எவர் வீட்டுப் பரணில் வேகிறது என்று விசாரிக்கவில்லை. புரூஸ் பிரவுனின் சர்ஃபிங் படமான ‘தி எண்ட்லெஸ் சம்மர்’ 2002இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறியது. மற்றவையும் எங்காவது பத்திரமாகத்தான் இருக்கும் என்று அதை வைத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

உள்ளதைச் சொன்னால், படம் கண்ணில் படாமல் இருந்தது எங்களுக்கு வசதி. எல்லோரும் பார்த்துவிட்டால் போஸ்டரின் மவுசு குறையுமோ என்ற பயம் உள்ளூர இருந்தது. செவர்சன் 2017 வரை உயிரோடு இருந்தார். அவரிடம் போஸ்டரில் ஒரு கையெழுத்து வாங்க ஆசைப்பட்டோமே தவிர, நெகடிவ் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.